அல்லிக்குக் கிடைத்த பெயர்

நெரவியில் திருஞானசம்பந்தத்தின் வீட்டுக்குள் அந்தப் பெயர் நுழைந்தது எண்பத்தாறாம் வருஷம், அறுவடை முடிந்த கையோடு. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை மறந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவிடம் சொல்லிவிட்டான்.

"அல்லிக்கு ஆட்டிசமாம் அக்கா. பொறக்கும்போதே மூளை அப்படி அமைஞ்சிருக்காம். வேணும்னு அடம் பிடிக்கலையாம் புள்ள."

வடிவாம்பாள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. யார் பேசினாலும் அவள் முகம் பார்த்துக் கேட்பதில்லை. வீட்டுக்கு அது பழகிப்போயிருந்தது.

"எதை வச்சுச் சொன்னாங்க?" என்றாள்.

தம்பி பெண்டாட்டி அஞ்சுகம், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள். நாலு வயதாகியும் பேச்சு வராதது. கண்ணைப் பார்க்காதது. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது. தயிர்ச் சோற்றைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதது. புளியங்கொட்டையை நாள் முழுக்க வரிசை பிடித்து அடுக்குவது. எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பெயராம்.

முறத்துக்குள் வடிவாம்பாளின் விரல்கள் நின்றுவிட்டன. பேச்சு ஒன்றைத் தள்ளிவிட்டால் மிச்சம் அத்தனையும் அவளுடையது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அந்தக் கூடத்தில் புளியங்கொட்டை வரிசை ஓடியது. அம்மா வந்து காலால் எத்திவிடுவாள். குழம்பு ஊற்றிய சோற்றைத் தொடமாட்டேன் என்றதற்கு அப்பா நெல் கொட்டும் அறையில் போட்டுப் பூட்டுவார். கோயில் மேளத்துக்குக் காதைப் பொத்தினால், கையைப் பிடித்து இழுத்து மேளத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார்கள், பழகட்டும் என்று. அவளுக்கும் பெயர்கள் இருந்தன. திமிர் பிடித்தவள், அழுத்தக்காரி, கிறுக்கு. வரிச்சிக்குடியில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்தபின், வாழாவெட்டி என்பதும் சேர்ந்துகொண்டது.

மறுநாளிலிருந்து வீடு மாறியது. எலக்ட்ரிசிட்டி ஆபீசிலிருந்து வரும் திருஞானம், கூடத்தில் கிடக்கும் வரிசை கலைந்துவிடாமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்தான். விருந்தாளி யாராவது குழந்தையின் கன்னத்தைக் கிள்ளப் போனால், "தொடாதீங்க, அவளுக்கு ஆகாது" என்று அஞ்சுகம் தடுத்தாள். குழந்தையைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டுத்தான் மிக்சி ஓடியது. தெருவில் யாராவது ஒரு மாதிரி பேசினால் திருஞானம் நின்று பொறுமையாக விளக்கம் சொன்னான்.

பார்க்கப் பார்க்க வடிவாம்பாளுக்கு வயிறு எரிந்தது. நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்தா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எரிச்சல் அடங்கவில்லை. தம்பி ஒதுங்கி நடக்கும்போதெல்லாம், நடு வரிசையில் காலை வைத்து நடந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலையில் அஞ்சுகம் கொல்லையில் துணி உலர்த்தப் போயிருந்தாள். அல்லி அடுப்படி வாசலில் உட்கார்ந்து கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வடிவாம்பாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய், ஊறவைத்திருந்த உளுந்தை மிக்சியில் கொட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

அவளும் அந்தச் சத்தத்துக்கு ஆகாதவள்தான். தான் அரைக்க வேண்டியதை அம்மியில்தான் அரைப்பாள். அன்றைக்கு அது ஞாபகத்தில் இல்லை. குழந்தை வீறிட்டது. அடுத்த நொடி இவளுக்கும் மண்டைக்குள் பல்லால் கடிப்பதுபோல் இருந்தது. நிறுத்தக்கூடக் கை போகவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஈரக் கையோடு ஓடிவந்த அஞ்சுகம் மிக்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். இந்தச் சுவரோரம் அல்லி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அந்தச் சுவரோரம் வடிவாம்பாளும் அதேபோல் ஆடிக்கொண்டிருந்தாள்.

"யாரு போட்டது?"

"நான்தான். வேணும்னுதான் போட்டேன்." பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

"ஏன் அண்ணி? பச்சைப் புள்ள அவ!"

"அவளுக்கு ஒரு பேரு இருக்கு. எனக்கு இல்ல."

அஞ்சுகம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க நாத்தனாரோடு பேச்சு வார்த்தை இல்லை. பிள்ளையை அவள் பக்கம் விடவும் இல்லை. மறுபடி பாண்டிச்சேரி போகவேண்டிய நாள் நெருங்கியபோது புருஷனிடம் சொன்னாள்: "உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போவோம்."

"முப்பத்தஞ்சு வயசுல என்னா டாக்டரு?"

"எம் புள்ளையை அவங்களை நம்பி விட்டுட்டு நான் கடைகண்ணிக்குப் போகணும்ல. அவங்களுக்கு என்னான்னு எனக்குத் தெரியணும்."

டாக்டரம்மா அல்லியைப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். வடிவாம்பாள் நாற்காலியில் உட்காரவில்லை.

"எனக்கும் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் அல்லி மாதிரிதான்."

டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டாள். நிறையக் கேள்விகள் கேட்டாள். கடைசியில் இல்லை என்று தலையை ஆட்டினாள். "நல்லாப் பேசறீங்க, சமைக்கிறீங்க, கல்யாணமும் ஆகியிருக்கு. நான் அப்படிச் சொல்லிட முடியாதும்மா. இது குழந்தைங்களுக்குப் பாக்கறது."

"இந்தக் குழந்தைங்க வளர மாட்டாங்களா?"

டாக்டரம்மா திருஞானத்தின் பக்கம் திரும்பினாள். "சின்ன வயசுல இவங்க எப்படி இருந்தாங்க?"

"அக்காவுக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். மடியில் இருந்த அல்லி அவன் சட்டைப் பித்தானையே திருகிக்கொண்டிருந்தாள். அவன் குரல் இறங்கிவிட்டது. "இவளை மாதிரியேதான் டாக்டர். அப்பா அடிப்பாரு. நான் பாத்துச் சிரிச்சிருக்கேன்."

டாக்டரம்மா வடிவாம்பாளிடம் மெதுவாகச் சொன்னாள். "நாலு வயசுல உங்களை என்கிட்டக் கொண்டாந்திருந்தா, இதே பேரைத்தான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். இப்ப அடிச்சுச் சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு பத்தல."

ஆறுதல் வரும் என்று நினைத்துப் போனவளுக்கு எரிச்சல்தான் இரண்டு மடங்கானது. முப்பது வருஷம் முந்திப் பிறந்ததுதான் அவள் செய்த தப்பு. பஸ்ஸில் முன் சீட்டில் அல்லி அம்மா தோளில் வாயைத் திறந்து தூங்கினாள். பிந்திப் பிறந்த அதிர்ஷ்டக்காரி.

சீர்காழியில் ஒரு அம்மாள் ஏறி வடிவாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிச்சிக்குடி காசியம்மா, பழைய மாமியாரின் தங்கை. பார்க்காத மாதிரி இருக்க முடியாத இடம்.

"என்னா வடிவு, ஆஸ்பத்திரிக்கா? உடம்புக்கு என்னா?"

பின் சீட்டிலிருந்து திருஞானம் முந்திக்கொண்டான். "புள்ளையைக் காட்டப் போனோம்."

"எனக்கும்தான் காட்டினோம்," என்றாள் வடிவாம்பாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "எனக்கும் ஆட்டிசம்."

"அப்படின்னா?"

"உங்க அக்கா வீட்டை ஒட்டி நெல்லு மில்லு ஓடுச்சே, அந்தச் சத்தம் எனக்குத் தாங்கல. அது ஓடுறப்பல்லாம் நான் வயக்காட்டுக்கு ஓடினேன். எவனையோ பாக்க ஓடுறேன்னு பேசினீங்க. எவனும் இல்ல. மில்லு நின்னா திரும்பி வந்துடுவேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி," என்றாள் காசியம்மா.

"சொன்னேன். மில்லுச் சத்தத்துக்கு யாராவது ஓடுவாங்களான்னு கேட்டீங்க."

தரங்கம்பாடியில் காசியம்மா எழுந்தாள். இறங்கும்போது கையைத் தொட வந்தவள், என்ன நினைத்தாளோ, தொடாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் வடிவாம்பாள் மறுபடி பாண்டிச்சேரிக்குப் போனாள். அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவள் அதை வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாயால் அந்தப் பெயர் அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொண்டாள்.

அல்லிக்கு ஆறு வயதில் பேச்சு வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. திருஞானம் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தான். கூட்டம் கலைகிறவரை கொல்லையில் உட்கார்ந்திருந்த வடிவாம்பாளைத் தேடி அஞ்சுகம் வந்தாள்.

"சந்தோஷமா இருக்கு அஞ்சுகம். வயிறும் எரியுது."

"தெரியும் அண்ணி," என்றாள் அஞ்சுகம். "சோறு ஆறுது, வாங்க."