நாற்பது வாயில் ஒரே பதில்

நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் மூன்று துறைகள் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கின. செயற்கை நுண்ணறிவு நம் சமூகத்தை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணினித் துறைக்கு மகேஷ்குமார், பொருளாதாரத்துக்குச் சுயம்புராஜ், சமூகவியலுக்கு ஆன்ட்ரூஸ். மூவருமே பெரிய படிப்பாளிகள். மற்ற இருவர் படித்தது மட்டும் மூவருக்குமே படிப்பாகத் தோன்றாது. இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் பிரீனா. தக்கலைக்காரி. ஊர் ஊராகப் போய் பேட்டி எடுப்பது அவள் வேலை. ஓராண்டு ஒப்பந்தம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நாற்பது பேட்டிகளை மேசைமேல் வைத்தால் இரண்டாம் ஆண்டும் வேலை உண்டு. இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளை போட்டோ பார்க்க வேண்டியதுதான்.

பேட்டிக்குப் பத்துக் கேள்விகள் வேண்டும். அந்தப் பத்துக்காக மூன்று மாதம் சண்டை நடந்தது. ஒருவர் எழுதியதை ஒருவர் அடித்தார், அடித்ததை இன்னொருவர் திருத்தினார். கடைசியில் தாளில் மிஞ்சியது ‘வயது’ என்ற ஒரு சொல்தான். அதிலும் ஆன்ட்ரூஸுக்கு மாற்றுக் கருத்து இருந்தது. பொறுத்துப் பார்த்த பிரீனா, ஒருநாள் வீட்டுக்குப் போகிற பேருந்தில் நின்றபடியே கைபேசியைத் திறந்து அந்தச் செயற்கை நுண்ணறிவிடமே பத்துக் கேள்விகளை வாங்கிவிட்டாள். தான் எழுதியதாகச் சொல்லி மூவருக்கும் அனுப்பினாள். மூவரும் தனித்தனியே கூப்பிட்டுப் பாராட்டினார்கள். கடைசியில் தன் கருத்துதான் வென்றது என்று ஒவ்வொருவருக்கும் அத்தனை மகிழ்ச்சி. பிரீனாவுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் தக்கலை வருவதற்குள் அந்த உறுத்தல் எங்கோ இறங்கிப் போயிருந்தது.

சிதறாலுக்குப் போகும் வழியில் ஒரு கிறிஸ்தவ சபை. அங்கே பெண்கள் சங்கத்தில் சரியாக நாற்பது பேர். சங்கத்தின் செயலாளர் நேசபாய், மார்த்தாண்டத்தில் தையல்கடை வைத்திருக்கிறவர். பதினோரு வருடமாக சங்கத்தின் வேதாகமத் தேர்வை நடத்தி, சேலைத் தலைப்பில் துண்டுச்சீட்டு முடிந்து வந்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துப் பேர் வாங்கியவர். பேட்டிக்கு ஒரு வாரம் முன்பே மக்களிடம் அறிவிப்புத்தாள் கொடுக்க வேண்டும் என்பது ஆய்வு விதி. பிரீனா கொடுத்த தாளில் ஆய்வின் பெயரும், பத்துக் கேள்விகள் கேட்கப்படும் என்ற வரியும் மட்டும் இருந்தன. நேசபாய் இரண்டு முறை வாசித்தார். பத்துக் கேள்வி, குறித்த தேதி, கல்லூரியிலிருந்து ஆள் வருகிறது. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து பிரீனா போனபோது, சபைக் கூடத்தில் நாற்பது பேரும் ஆளுக்கொரு பேனாவோடு, இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்மேசையில் ரிப்பன் கட்டிய எவர்சில்வர் தூக்குவாளி மூன்று. யாருக்கோ ஏதோ விசேஷம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து அறையில் பேட்டி தொடங்கியது. முதலில் ஞானதீபம் வந்தார். மகன் சிஜின் கத்தாரின் தோகாவில் வேலையில் இருக்கிறான். பிரீனா முதல் கேள்வியைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, “செயற்கை நுண்ணறிவு ஓர் இருமுனைக் கத்தி. ஒருபுறம் வாய்ப்புகள், மறுபுறம் சவால்கள்” என்று மூச்சு விடாமல் சொன்னார். இரண்டாவதாக வந்தவரும் அதே கத்தியை நீட்டினார். மூன்றாமவரிடமும் நான்காமவரிடமும் கத்தி இருந்தது. ஐந்தாமவர் பாதியில், கேள்விக்கு முன்பே பதிலைத் தொடங்கினார்.

“யக்கா, நான் இன்னும் கேக்கவே இல்லியே?”

“ஆறாம் கேள்விதானே மக்கா? எனக்கு ஓர்மையிருக்கு.”

பிரீனா எழுந்து கூடத்துக்கு ஓடினாள். “நேசபாய் அக்கா, எல்லாரும் ஒண்ணுபோல சொல்லுதாவளே?”

“பின்னே? நான் சொல்லிக் குடுத்ததாக்கும். போன்ல கேட்டு எழுதி, ஜெராக்ஸ் போட்டு, மூணு நாளு ஒப்பிக்க வச்சேன். ஒருத்தியாவது தோத்தா சங்கத்துக்குல்லா மானக்கேடு! மொத மூணு பேருக்குப் பரிசா தூக்குவாளியும் வாங்கி வச்சிருக்கேன்.”

“கேள்வி எப்பிடிக் கெடச்சுது?”

“இந்தத் தலைப்புக்கு ஒரு மாதிரி வினாத்தாள் போடுன்னு அதுகிட்டயே சொன்னேன். போட்டுச்சு.”

நேசபாய் நீட்டிய தாளைப் பிரீனா பார்த்தாள். பத்தில் எட்டு அவளுடைய கேள்விகள், எழுத்து மாறாமல். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேசபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்பம் நான் ஒண்ணு கேக்கட்டா? பதிலை நாங்க அதுகிட்ட வாங்கினோம். கேள்வியை நீ யாருகிட்ட வாங்கினே?”

மூன்று பேராசிரியர்களிடம் அவ்வளவு லேசாக வந்த பொய், இந்த நாற்பது பேனாக்களுக்கு முன்னால் வரவில்லை. பிரீனாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“அதுகிட்டதான்க்கா.”

கூடமே சிரித்தது. “அது கேட்டு அதுவே பதில் சொன்னதுக்கு, நான் எதுக்கு அடுப்பில சோறைக் கரியவிட்டுப் படிச்சேன்?” என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது.

மீதி முப்பத்தைந்து பேரையும் ஒப்பிக்க விட்டால் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். திங்கட்கிழமை மேசையில் வைத்தால் மூவரும் மெச்சிக்கொள்வார்கள், இரண்டாம் ஆண்டும் கைக்குள் வந்துவிடும். பிரீனாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பிறகு தன் கேள்வித்தாளைக் கையில் பிடிக்கவே கூசியது. அதை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு ஞானதீபத்தின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“இது பரிச்சை இல்லக்கா. தப்பும் இல்ல, ரைட்டும் இல்ல. அதுகிட்ட நீங்க கடைசியா என்ன கேட்டிய? அது போதும்.”

ஞானதீபம் நேசபாயைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவரிடமும் ஜெராக்ஸ் இல்லை.

“எனக்க மவன் முன்னெல்லாம் ‘சாப்டியாம்மா’ன்னு ஒத்த வரிதான் போடுவான். அதிலயும் பிழையிருக்கும். இப்பம் கொஞ்ச நாளா ஒரு பக்கம் எழுதுதான். ‘உங்கள் தியாகம் அளப்பரியது’ன்னெல்லாம் போடுதான். இது அவன் எழுதினதாக்குமான்னு கேட்டேன்.”

“என்ன சொல்லிச்சு?”

“உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டு. பொறவு, அவனுக்கு நல்லதா ஒரு பதில் எழுதித் தான்னு நானும் அதுகிட்டயே கேட்டேன்.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “இப்பம் நாங்க ரெண்டுபேரும் ரொம்ப அழகாப் பேசிக்கிடுதோம் மக்கா. எனக்கு அந்த ஒத்த வரிதான் வேணும்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பிரீனா அதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், கையால் எழுதிக்கொண்டாள். அந்த ஆய்வுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

பிறகு அங்கேயே நின்று மூன்று பேராசிரியர்களுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பினாள். ‘கேள்விகள் நான் எழுதியவை அல்ல, செயற்கை நுண்ணறிவு எழுதியவை. மன்னிக்கவும். இரண்டு வாரம் கொடுத்தால் புதிதாகப் பேட்டி எடுப்பேன், வேலை இருந்தால்.’

மூன்று நிமிடத்தில் மூன்று பதில்கள் வந்தன. ‘தங்கள் நேர்மையான பகிர்வுக்கு மனமார்ந்த நன்றி. இது பின்னடைவு அல்ல, ஒரு வாய்ப்பு. தயங்காமல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார் மகேஷ்குமார். சுயம்புராஜும் மனமார்ந்த நன்றி சொல்லி, இது பின்னடைவு அல்ல என்றார். ஆன்ட்ரூஸும் அதையேதான் சொன்னார். மூன்று மாதத்தில் ஒரு சொல்லில்கூட ஒத்துப்போகாதவர்கள், முதல்முறையாக எல்லாச் சொல்லிலும் ஒத்துப்போயிருந்தார்கள்.

நேசபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியை வாங்கினார். மேலும் கீழுமாக மூன்றையும் ஒத்துப் பார்த்தார். பதினோரு வருட அனுபவம் பொய் சொல்லுமா?

“காப்பியடிச்சிருக்காவ, மூணு பேரும்” என்றார். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். “உனக்க வேலை இருக்குல்லா, அது போதும். ஏட்டி, ஒவ்வொருத்தியா வாங்க. பேனாவை அங்கேயே வச்சிட்டு வாங்க.”