நீள முகத்துக்கு ரெண்டு ரப்பர்

அக்காவுக்கு வட்ட முகம், தங்கைக்கு நீள முகம். இதைப் பெற்றவர்களே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காதான் தங்கைக்கு ‘ஏணி’ என்று பெயர் வைத்தாள். பெயர் தெருமுனை வரை பரவியபோது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அக்கா கம்பி போட்டுப் பல்லை நேராக்கிக்கொண்டவள். தனக்குக் கல்யாணம் முடிந்து, புருஷன், தங்கை என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கும்போதும், வாய் திறந்து சிரிக்க ஏதாவது சாக்குத் தேடிக்கொண்டே இருப்பாள்.

தங்கைக்கு மேல்பல் துருத்தி உதடு மூடாது. வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட ஒரு கை, தன் வாயை மறைக்க ஒரு கை. கடைசியில் அவளும் கம்பி போடக் கிளம்ப, அனுபவசாலி என்று அக்கா துணைக்குப் போனாள்.

டாக்டரம்மா ஸ்கேனைத் திரையில் காட்டினார். “உங்களை மாதிரி இல்லம்மா இவங்க. அகல முகத்துக்கு முன்பல்லைச் சுத்தி எலும்பு பொதுவா தடியா இருக்கும். நீள முகம் இருக்கிற நிறையப் பேருக்கு அது மெல்லிசு. கீழ்ப்பல் வேருக்கு முன்னாடி பாருங்க, வெங்காயத் தோல் மாதிரி. அவசரப்பட்டா வேர் எலும்பை விட்டு வெளிய வந்துரும்.”

“அப்ப என்னுது பலமான தாடைன்னு சொல்லுங்க” என்றாள் அக்கா. அது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது என்று நினைத்தால் தப்பு. எல்லாமே விழுந்தது.

சில மாதங்களில் தங்கையின் உதடு மூட ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தட்டை விட்டுத் தலை தூக்காத அக்கா புருஷன் தலை தூக்கினான்.

“ஏணி முகத்துல ஒரு களை வந்திருக்கே.”

அவ்வளவுதான் சொன்னான். அக்காவுக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ரப்பர் வளையம் கொடுத்திருந்தார். மேல்பல் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு, பக்கத்துக்கு ஒன்று. மேல்வரிசையைப் பின்னுக்கும் கீழ்வரிசையை முன்னுக்கும் இழுக்கும்.

“இது எப்பக்கா முடியும்? நீ மட்டும் எப்படிச் சீக்கிரம் முடிச்ச?”

“ரெண்டு ரெண்டா மாட்டினேன்டி. டாக்டர்கிட்ட மூச்சு விடல.”

அது உண்மை. அக்காவின் கெட்டிக்காரத்தனமே அதுதான், பொய் சொல்ல அவசியமே வராது.

“எனக்கு எலும்பு ஏதோன்னு அவங்க...”

“அப்படித்தான் பயமுறுத்துவாங்க. ஒரேயடியா முடிச்சுட்டா அப்புறம் அவங்ககிட்ட யாரு போவா?”

தங்கை மாட்டினாள். காலையில் அக்கா அடுப்படியிலிருந்தே கேட்பாள்: “வாயைக் காட்டு. ரெண்டு இருக்கா?” டாக்டரிடம் போகும் நாளில் ஒன்றைக் கழற்றச் சொல்லி ஞாபகப்படுத்துவாள். மெல்ல முடியாமல் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் குழைய வேகவைத்துக் கொடுப்பாள். ‘கூடப் பிறந்தவள் என்றால் இவளல்லவா’ என்று மாடிவீட்டுக்காரி உருகினாள்.

பிறகு கீழ் ஈறு இறங்கியது. முன்பற்கள் நீண்டு தெரிந்தன. நாக்கு பட்டால் இரண்டு ஆடின.

டாக்டர் புது ஸ்கேனைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “வேருக்கு முன்னாடி எலும்பே இல்ல. ஒரு ரப்பருக்கு இவ்வளவு தூரம் வராதே. யார் சொல்லி என்ன பண்ணீங்க?”

அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ‘சொல்லப்போறா. வீட்டிலயும் சொல்வா. அந்த மனுஷனும் கேட்டுக்கிட்டு இருப்பான்.’

“நானாத்தான் ரெண்டு மாட்டினேன் டாக்டர்” என்றாள் தங்கை. “அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டா.”

“இந்த ரெண்டையும் காப்பாத்த முடியாதும்மா. எடுக்கணும்.”

ஊசி போட்டார்கள். தங்கை பக்கவாட்டில் கையை நீட்டித் துழாவினாள். அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் தங்கை மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் பொங்கியது.

“பயப்படாதடி” என்றாள். “நல்லா வாயைத் திற.”