குன்வோரின் புழு

குல்மார் ஃபியோர்டு என்னும் குறுகிய கடற்கழியின் அடிச்சேற்றில் வாழும் ஓர் உருளைப்புழுவுக்குக் குன்வோரின் பெயர். கல்யாணமான புதிதில் கணவன் ஹோல்கெர் வைத்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத புழு; தலையின் இரு பக்கமும் கடிகாரச் சுருள்போல ஒரு மோப்பக் குழி. பக்கத்திலேயே வாழும் இன்னொரு புழுவைவிட இதற்குச் சுருள் பெரிது. ஆகவே தனி இனம் என்று எழுதி, மனைவியின் பெயரைச் சூட்டிவிட்டான்.

இருவருக்கும் ஒரே கடல் ஆய்வு நிலையத்தில்தான் வேலை. இந்த வசந்தத்தில் எந்தப் புழு எதற்கு உறவு என்று மரபணு வழியே சரிபார்த்துக்கொண்டிருந்தாள் குன்வோர். அவள் பெயர் கொண்ட புழுவும் பக்கத்தில் வாழும் அந்தப் புழுவும் ஒரே இனம் என்று முடிவு வந்தது. நம்பாமல் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரிய சுருள் உள்ளவை எல்லாம் ஆண். சிறியவை எல்லாம் பெண். ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் செல்லும்; அது அந்த இன்னொரு புழுவின் பெயர். அவள் பெயர் போய்விடும்.

அவனிடம் எப்படிச் சொல்வது? சில நாள் கழித்து ஓர் இரவு, தட்டிலிருந்த மீனைத் தின்னாமல் கிளறிக்கொண்டிருந்தாள்.

“என்ன, மீன்ல உப்பு ஜாஸ்தியா?” என்றான் ஹோல்கெர், சாப்பாட்டு மேஜையில்.

“உன் புழு தனி இனம் இல்ல, ஹோல்கெர்.”

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். “வா, காட்டு.”

நிலையத்தில் நெடுநேரம் நுண்ணோக்கிமேல் குனிந்திருந்தான். நரைத்த பிடரியைப் பார்த்தபடி குன்வோர் பின்னால் நின்றாள். அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று பதறித் தொட்டாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

“அத்தனையும் ஆம்பளையா?”

“அத்தனையும். பொண்ண மோந்து கண்டுபிடிக்கத்தான் அவ்ளோ பெரிய சுருள் போல.”

“அடக் கடவுளே! பொண்டாட்டி தேடி அலையற பயலுக்கா உன் பேர வெச்சேன்?”

“ஒரு பொண்ணுகூட கெடைக்கலையேன்னு அப்ப யோசிக்கவே இல்லையா நீ?”

“எங்க யோசிச்சேன்? நீதான் பக்கத்து மேஜையில உக்காந்திருந்தியே.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “எனக்கு மனசே இல்லடா. எவ்ளோ ஆசையா வெச்ச பேரு.”

“ஆசை எங்கயும் போகலையே, அசடு,” என்று அவள் கண்ணைத் துடைத்தான். “தப்புன்னு நானே எழுதறேன். வேற யாரும் அதுல கைவெக்கக் கூடாது.”

அந்த வரியை எழுத அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. கட்டுரையில் அவள் பெயரைத்தான் முதலில் போட்டான். கோடையில் புதுச் சேறு எடுக்கப் படகு கிளம்பியபோது இருவரும் ஏறிக்கொண்டார்கள். நல்ல காற்று. அவள் கழுத்துத் துணியை இழுத்து முடிந்துவிட்டு, அவன் கயிற்றைப் பிடிக்கப் போனான்.