சோப்பு அக்கா துவைத்த துண்டு

1996 பிப்ரவரியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இருந்த மூன்று அறை வீடு, கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்களுக்கான தங்குமிடமாகத் திறக்கப்பட்டது. வாசலில் பெயர்ப்பலகை வைக்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் நான் அங்கே போவேன். சமையலறை ஜன்னலின் உடைந்த கண்ணாடிக்குக் காலண்டர் அட்டை ஒட்டியிருந்தோம். தேநீருக்கு ஐந்து கோப்பைகள். ஆறாவது ஆளுக்கு டம்ளர். அத்தனை சிரிப்பு நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை.

சிரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் சோப்பு அக்கா. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அழுக்காக எதைக் கண்டாலும் துவைத்துவிடுவார்.

"ஒரே இடத்துல நிக்காதே, உன்னையும் ஊறப் போட்டுடுவா" என்பார் வீட்டை நடத்திய டீச்சர்.

ஒரு சனிக்கிழமை காலை, உதட்டில் தையலோடு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பை, இடுப்பில் மூன்று வயது மகள். பையிலிருந்த துணிகளையெல்லாம் சோப்பு அக்கா பத்தே நிமிடத்தில் கொடியில் ஏற்றிவிட்டார்.

மதியம் குழந்தை தூங்க மறுத்தது. தாயின் பழைய நைட்டியில் கிழித்த துண்டு ஒன்று அதற்கு வேண்டும். கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு வீசி எறிந்தது. எலுமிச்சைச் சோப்பு வாசனை. அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

"வீட்ல இன்னொரு துண்டு கிடக்கு. அவர் வர்றதுக்கு சாயங்காலம் ஆகும். எடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றாள் அந்தப் பெண்.

அப்படி எதையோ எடுத்துவரப் போனவர்கள் பலர் திரும்பி வந்ததில்லை. ஆனால் யாரையும் தடுப்பதில்லை என்பது அந்த வீட்டின் வழக்கம். போகாதே, வராதே என்று பிறர் சொல்லக் கேட்டுச் சலித்தவர்கள்தானே இங்கே வருகிறார்கள்.

"உங்க இஷ்டம்மா. நீங்க போக வேணாம்னுதான் எனக்குத் தோணுது. போனா வண்டி சொல்றேன்" என்றார் டீச்சர். அவர் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். சோப்பு அக்கா துண்டை மூக்கில் வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என் கையை உடைக்கணும்" என்றவர், தலை நிமிர்ந்து, "ஏம்மா, இதுல இருந்தது உன் வாசனைதானே? அந்த வீட்டோடது இல்லையே?" என்று கேட்டார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். துண்டை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "ஏதாவது வேலை குடுங்க, வேர்க்கிற மாதிரி" என்றாள்.

ஊற வைத்திருந்த போர்வைகளை அவளிடம் விட்டார் சோப்பு அக்கா. தம் சோப்பை வேறொருவர் தொட அவர் அனுமதித்தது அன்றுதான். வெயிலில் அவள் அடித்துத் துவைத்தாள்.

"அக்கா, பாத்துக்குங்க, உங்க வேலைக்கு ஆள் வந்தாச்சு" என்றேன்.

"வாயை மூடிட்டுப் பிழியடி."

மாலையில் குழந்தை துண்டை முகர்ந்தது. முகம் சுளித்தது. மறுபடி முகர்ந்து, கன்னத்தடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

இப்போது அந்த வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை நடக்கிறது. எலுமிச்சைச் சோப்பு வாசனை வந்தால் நான் அந்தக் கொடியடிக்குப் போய்விடுகிறேன்.

அந்தப் பெண் கணவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்து, மகளோடு கிளம்பினாள். துண்டையும் எடுத்துப் போனாள்.