பொத்துவில் வரை பேசாமல்

பொத்துவில் வரை ஒருவரும் பேசக் கூடாது என்பது என் யோசனை. எங்கள் சைக்கிள் குழுவில் சேர்ந்து மூன்று வருடத்தில் நான் சொன்ன ஒரே யோசனையும் அதுதான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்முனையிலிருந்து பதினொரு பேர் புறப்படுவோம். சாகாமம் குளம் வரை போயிருக்கிறோம், ஒருமுறை மட்டக்களப்புக்கும் போயிருக்கிறோம். எங்கே போனாலும் முன்னால் போகிறவன் றாஸிக். அவன் சந்தையில் மீன் மொத்த வியாபாரி. விடியுமுன்னே ஏலம் கூவிப் பழகிய தொண்டை. அவனுடைய ஹேண்டிலில் ஒரு றாத்தல் பாண் அளவில் ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருக்கும். அதில் பாட்டு ஓடும், பாட்டுக்கு மேலே றாஸிக்கின் கதை ஓடும், இரண்டுக்கும் மேலே மற்றவர்கள் கத்துவார்கள். வயலும் வானமும் எங்களைக் கண்டு ஒதுங்கிப் போவது போல எனக்குத் தோன்றும்.

நான் சைக்கிள் வாங்கியதே சத்தத்திலிருந்து தப்பத்தான். கந்தோரில் பழைய கோப்புகள் வைக்கும் அறை என் பொறுப்பு. அங்கே தனியாக இருந்து புத்தகம் வாசிக்கலாம் என்றுதான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் தேத்தண்ணி குடித்துக் கதைக்க வருவது அந்த அறைக்குத்தான் என்று. கலியாணம் முடித்து பஸ்லியாவின் வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதே வளவில் அவளுடைய மூன்று தங்கச்சிமாருக்கும் வீடுகள். ஒரு வீட்டில் கேட்கும் கேள்விக்கு வேறொரு வீட்டிலிருந்து பதில் வரும். நல்ல மனிதர்கள். ஆனால் அந்த வளவில் நான் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்ததில்லை.

அதனால்தான் கேட்டேன். ஒரே ஒரு முறை, பொத்துவில் வரை பேசாமல் போவோம். போய்ச் சேர்ந்துவிட்டால் றாஸிக் ஸ்பீக்கரைக் கழற்றிவிட வேண்டும், திரும்பக் கட்டக் கூடாது. இடையில் எங்களில் யாராவது ஒரு சொல் சொன்னாலும் ஸ்பீக்கர் இருக்கும், நான் அதைப் பற்றி இனி முறையிடக் கூடாது. வாய் திறந்தவர் எல்லோருக்கும் புரியாணி கொடுக்க வேண்டும் என்பதை றாஸிக் சேர்த்துக்கொண்டான்.

"பதியுதீன் மச்சான் வாயத் தொறந்து ஒண்டு கேட்டிரிக்கான்," என்றான். "குடுக்காம உடுறதா?"

அன்று சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து அப்படியே புறப்பட்டோம். எல்லோரும் வெள்ளை டீசேர்ட். முதுகில் இருந்த குழுவின் பெயர் முதல் சலவையிலேயே போய்விட்டது. தலையில் தொழுகைத் தொப்பி. பள்ளிவாசல் கேற்றடியில் வந்து சேர்ந்துகொண்ட மெதடிஸ்த கிறிஸ்தவரான ஆசிரியர் கிளெய்டன் மட்டும் ஹெல்மட் போட்டிருந்தார், அதுவும் வெள்ளை. ஃபோன்களை எல்லாம் வாங்கி லொறியின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினோம்.

அந்தச் சின்ன லொறி எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போக வேண்டும். றாஸிக்கின் மருமகன் ஸாஜித் ஓட்டினான், அவனுக்கும் அதே சட்டம். பின்தட்டில் றாஸிக்கின் ஐஸ் பெட்டி இருந்தது. அறக்குளா மீன் வைக்கும் ஆறடி நீளப் பெட்டி. தேசிக்காய் போட்டு மூன்று தரம் கழுவி, வழியில் வெட்டித் தின்ன முழு வத்தகப்பழங்களும் ஐஸும் நிரப்பி, தூசு படாமல் வீட்டு ஜன்னலின் பச்சைத் திரையை மேலே போர்த்தியிருந்தான்.

இப்போது எழுதும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது மௌனம் மட்டும்தான்.

சங்கிலி பல்லில் விழுந்து எழும் சத்தம் கேட்டது. வீடுகளுக்குப் பின்னால் கடல் கேட்டது. இருபது வருடம் போய்வந்த தெருவில் கடல் சத்தம் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சாய்ந்தமருதில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் றேடியோவை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பக்கத்துக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. காரைதீவில் கோயில் ஒலிபெருக்கியை யாரோ அணைத்தார்கள். எங்கள் பகுதி மக்கள் மௌனத்தை இவ்வளவு மதிப்பார்களா என்று என் மனம் நிறைந்துபோனது.

நிந்தவூருக்குள் போகும்போது எதற்கோ திரும்பிப் பார்த்தேன். எங்கள் பின்னால் பன்னிரண்டு மோட்டார் சைக்கிளும் எட்டு சைக்கிளும் ஓர் ஆட்டோவும் வந்துகொண்டிருந்தன. எல்லோருடைய தலையிலும் தொப்பி. ஒருவரும் பேசவில்லை.

அடக்கத்துக்குக் கொண்டுபோகும் ஜனாஸா ஒன்று தெருவில் போனால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நாற்பது அடியாவது பின்னால் போவது எங்கள் பக்கத்து வழக்கம். யார் என்று விசாரித்துவிட்டுப் போகிறவனை விட, விசாரிக்காமல் போகிறவனுக்கு நன்மை கூட என்பார்கள். அதனால் ஒருவரும் விசாரிக்கவில்லை. வெள்ளையில் பதினொரு பேர், முன்னே லொறி, லொறியில் பச்சை போர்த்திய நீளப் பெட்டி. விசாரிக்க என்ன இருக்கிறது?

றாஸிக்கும் கண்டுவிட்டான். திரும்பி, வரவேண்டாம் என்று கையை வீசிக் காட்டினான். பின்னால் வந்தவர்கள் அதை, வெட்கப்படாமல் கிட்ட வாருங்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். ஒரு சொல் போதும் என்பது அவன் பார்வை. அந்த ஒரு சொல்லை நீயே சொல் என்பது என் பார்வை. புரியாணியை நினைத்து அவன் முன்னால் திரும்பிக்கொண்டான். நான் ஸ்பீக்கரை நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு பழைய பாரச் சைக்கிள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தது. ஓட்டியவருக்கு எழுபது வயதிருக்கும். சாரனை மடித்துக் கட்டியிருந்தார், காலில் செருப்பு. தன் பெயர் அச்சிமுகம்மது என்றும் நிந்தவூரில் நெல்லு மில் வைத்திருப்பதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் மரியாதை இருந்தது, ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் அரைக் கட்டை தூரம் பொறுத்தார்.

வயது போன ஆளா என்று கேட்டார். நான் முன்னால் பார்த்தபடி இருந்தேன். பள்ளம் ஒன்றில் விழுந்து என் தலை ஆடியது. அவர் நாவால் உச்சுக் கொட்டினார்.

"பெட்டிக்குள்ள வெச்சிரிக்கிற எண்டா ஆசுபத்திரியில இருந்துதான்," என்றார்.

ஒலுவில் சந்தி வருமுன் இறந்தவரைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்துவிட்டது. ஒருவரையும் நோகடிக்காத ஆளாக இருந்திருப்பார் என்றார். அப்படித்தான் என்று எனக்கும் பட்டது. இவ்வளவு பேர் சத்தமில்லாமல் வருகிறார்கள் என்றால் அவரும் சத்தமில்லாத மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

"கனக்கக் கதைக்க மாட்டாராக்கும்?"

நான் தலையை ஆட்டினேன். அந்த முறை பள்ளம் இல்லை.

"அப்பிடியான ஆக்கள் இரிக்கக்குள்ள ஒருத்தருக்கும் தெரியிறல்ல, மகன். பொஞ்சாதிக்கும் தெரியிறல்ல. அவருக்கு என்ன விருப்பம் எண்டு ஆரும் கேட்டிரிப்பாங்களா?"

என் கண்ணில் நீர் வந்தது. காற்று என்று சொல்லலாம். நாற்பத்தாறு வயதில், பாலமுனைக்குப் பக்கத்தில், என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு சரியாகக் கதைத்துக் கேட்பது அதுவே முதல் தடவை. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு சைக்கிளை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார்.

அட்டாளைச்சேனையில் ஒரு பொலிஸ்காரர் பஸ்களை மறித்து எங்களுக்கு வழிவிட்டார். கிளெய்டனின் பக்கத்தில் போன ஒருவர், வேறு மார்க்கத்தவர் இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொன்னார். கிளெய்டன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்?

யாரோ மோட்டார் சைக்கிளில் முன்னே போய்ச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். அக்கரைப்பற்றில் ஒரு பள்ளிவாசலின் கேற் திறந்திருந்தது. வாசலில் நின்றவர்கள் லொறியை உள்ளே வரும்படி கைகாட்டினார்கள். மறுத்துச் சொல்ல வாய் இல்லாத ஸாஜித் உள்ளே திருப்பினான். நாங்கள் பின்னால் போனோம். எங்கள் பின்னால் நானூறு பேர் வந்தார்கள்.

பெட்டியை ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். கனமான ஆள் என்று ஒருவர் முனகினார். மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, குளிப்பாட்டிய தண்ணீர் என்று எல்லோரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். முற்றத்தில் பெட்டியை வைத்ததும் வரிசைகள் தாமாக நேராயின. றாஸிக் மூன்றாவது வரிசையில் அகப்பட்டு நின்றான், வேர்வை மூக்கில் தொங்கியது. அவன் உதடுகள் பிரிந்தன, பிறகு மூடிக்கொண்டன.

இமாம் முன்னால் வந்தார். இளம் மௌலவி. சொந்தக்காரர் யார் என்று கேட்டார். அச்சிமுகம்மது என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"இந்தத் தம்பிதான். வழி முழுக்க அழுதவரு."

இமாம் என் பக்கம் திரும்பினார். தொழுகையைத் தொடங்குமுன் எங்கள் பள்ளிகளில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"மையத்து ஆணா, பெண்ணா?"

நான் பெட்டியைப் பார்த்தேன். பொத்துவிலுக்கு இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருந்திருந்தால் அந்தக் கணத்திலும் தலையாட்டியிருப்பேன் என்று பயப்படுகிறேன். ஆனால் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கிவிட்டால் பிறகு அது விளையாட்டு இல்லை. என் பின்னால் நானூறு பேர் தொழுகைக்குச் சுத்தமாக நின்றார்கள். அவர்களுடைய தொழுகையை விலையாகக் கொடுத்து ஸ்பீக்கரைக் கழற்ற என்னால் முடியாது.

"வத்தகப்பழம்," என்றேன்.

அதற்குப் பிறகு வந்த மௌனத்தை என்னால் விவரிக்க முடியாது. நானூறு பேரும் ஒரு பள்ளிவாசலும் மூச்சுவிடவில்லை. வாழ்நாள் முழுக்க நான் தேடியது அதுதான். அதற்குள் நிற்பது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இமாம் குனிந்து பச்சைத் திரையை நீக்கினார். மூடியைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"அப்ப ஒருத்தரும் மவுத்தாகல்லயா?" வரிசையில் யாரோ கேட்டார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"அதுக்கு அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லுங்க," என்றார் இமாம்.

சொன்னார்கள். முதலில் நாலைந்து பேர், பிறகு எல்லோரும். றாஸிக்கின் வாய் உடைந்தது. ஒரே நேரத்தில் நாற்பது பேரிடம் மன்னிப்புக் கேட்டான், இடையிடையே மச்சான் புரியாணி, மச்சான் புரியாணி என்று என்னைக் காட்டிச் சிரித்தான். பள்ளிக் குசினியிலிருந்து கத்தி வந்தது. வெட்டிய துண்டுகளில் லேசாக மீன் மணந்தது. கடைகளைப் பாதியில் மூடிவிட்டு வந்தவர்கள் என்பதால் நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு பேர் மட்டும் ஏசினார்கள், அவர்களும் இரண்டாம் துண்டு கேட்டார்கள்.

அச்சிமுகம்மது சாப்பிடவில்லை. கையில் துண்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்தக் கதைக்காத மனிசன் ஆரு, மகன்?"

இப்போது எனக்குப் பேசத் தடை இல்லை. ஆனாலும் தொப்பியைத்தான் சரிசெய்துகொண்டேன். அவர் என் வெள்ளை டீசேர்ட்டையும் தொப்பியையும் கண்ணையும் ஒருமுறை பார்த்து முடித்தார். வெளியே தெருவில் றாஸிக் ஹேண்டிலில் ஸ்பீக்கரின் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

அச்சிமுகம்மது சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாரச் சைக்கிளை நிந்தவூர்ப் பக்கம் திருப்பினார். ஏறுமுன் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"உங்கட மவுத்துக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க. நான் வாறன்."

நான் தலையாட்டினேன். பாட்டுத் தொடங்கியது, பத்து சைக்கிள்களும் பொத்துவிலை நோக்கிப் புறப்பட்டன, நானும் பின்னால் மிதித்தேன்.