நைட்டியோடு போகிற தூரம்

கண்டி ஏரிக்கரை வாடகை கைக்கு எட்டாமல் போனதும் ஷாமலா டீச்சர் முடிவெடுத்துவிட்டாள்: இனிக் கம்பளைதான். அங்கேயும் தண்ணீர் இருக்கிறது, மகாவலி ஆறு. ஆனால் வீடு கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போகிற தூரத்தில் இருக்க வேண்டும். கண்டியில் அவள் இருந்த மேட்டு வீட்டுப் படிகளில் ஏறி இறங்கி அவளுடைய முழங்கால்கள் ஓய்ந்துபோயிருந்தன.

வீட்டுத் தரகர் முஹ்ஸினுக்கு எல்லா வீடும் "இந்தா, கிட்டத்தான் டீச்சர்." ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ பிடித்தார்.

"கிட்டத்தில இருக்கிறதுக்கு எதுக்குங்க ஆட்டோ?" என்று அடுத்த வீட்டுக்கு அவரையும் நடக்க வைத்தாள். பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்போது ஒரு பெண், நைட்டியின் மேல் துவாயைப் போட்டுக்கொண்டு, கையில் கடையில் வாங்கிய சூடான பாண் ரொட்டியோடு ஆற்றோரச் சந்துக்குள் நுழைந்தாள். உடுப்பு மாற்றாமல் கடைக்குப் போய் வருகிறாள் என்றால் அதல்லவா கிட்டம்! ஷாமலா பின்னாலேயே போனாள். அந்தப் பெண்ணின் வீட்டை ஒட்டி ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.

"இதா? வாடகை கொறவுதான். ஆனா கூரை ஒழுகும் டீச்சர்," என்றார் முஹ்ஸின்.

"கூரைய மாத்திக்கலாங்க. என் முழங்கால யாரு மாத்துறது? சாவிய வாங்குங்க."