பேர் வெட்டும் கருவி

ஹட்டன் பஜாரில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது கேஷிகாவின் ஆபீஸ். காலையிலிருந்து அவள் ஒரே பந்தியை எழுதியும் அடித்தும் திருத்தியும் உட்கார்ந்திருந்தாள். தேயிலைத் தோட்டங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. கொழுந்து நிறையைப் பதிய ஒரு கருவி, தோட்டத்து ஆள் பதிவில் புதுப் பேர் சேர்க்க ஒன்று, பேர் வெட்ட ஒன்று என்று மென்பொருளுக்குள் பல கருவிகள். முன்பெல்லாம் தோட்டத்து ஆபீஸில் ஒரு கிளாக்கர் ஐயா உட்கார்ந்து அவற்றை அழுத்துவார். இப்போது அவர் இல்லை. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றே முடிவு செய்யும். அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கேஷிகா எழுதிவைக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் அது நடக்கும்.

"தோட்டத்தையே பாக்காத ஒருத்தர் புதுசா வேலைக்கு வந்திருக்காருன்னு நெனச்சுக்குங்க கேஷிகா" என்றான் அவளுக்கு மேலதிகாரியான கஜேந்திரன். "அவருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. நம்ம மனசுல இருக்குறது அதுக்குத் தெரியாது."

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவளுக்குப் பேர் வெட்டுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேர் போனால் நிரந்தர வேலை போகும். குடியிருக்கும் காம்பராவும் ஆட்டம் காணும். அதனால் பயந்து பயந்துதான் எழுதினாள்: 'லீவு அறிவிக்காமல் தொடர்ந்து வேலைக்கு வராதவரின் பேரை நீக்க மட்டும் இதைப் பயன்படுத்தவும். லீவு அறிவித்தவரை நீக்கக் கூடாது.' இரண்டாவது வாக்கியம் அவளாகச் சேர்த்தது. தன் சனத்துக்கு ஒரு வேலி போட்டுவிட்டதாக அவளுக்கு அன்று நிம்மதி.

அடுத்த மாதம், பக்கத்துக் காம்பரா ஜீவராணி கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். கேஷிகாவுக்கு அத்தை முறை. சர்க்கரை வியாதியில் புருஷனுடைய ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள்; கூடவே இருந்து பார்த்தவள் அவள்தான். மறுநாள் விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குப் போனாள். கங்காணி செல்லசாமி கையிலிருந்த டெப்பின் திரையைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். அவள் பேர் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் கேஷிகா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது ஜீவராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போறப்பவே பெரட்டுல எல்லாரு முன்னுக்கும் கங்காணிக்கிட்ட சொன்னேனேம்மா. அவரும் சரி போயிட்டு வாங்கன்னுதானே அனுப்புனாரு. இப்பக் கேட்டா, நான் என்ன செய்ய, கம்ப்யூட்டர் வெட்டிருச்சுங்கிறாரு. நான் அறிவிக்கலையாம்ல!"

கேஷிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தோட்டத்தில் யார் லீவுக்குக் காகிதம் எழுதினார்கள்? கங்காணி காதில் போட்டால் போதும். அவர் கிளாக்கர் ஐயாவிடம் சொல்வார், ஐயா குறித்துக்கொள்வார். பாட்டன் காலத்திலிருந்து அதுதான் அறிவிப்பு. அது அவ்வளவு பழகிப்போன விஷயம் என்பதால் எழுத வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஏஜென்ட் லீவுக் கடிதத்தைத் தேடியிருக்கும். இல்லை என்றதும் வெட்டிவிட்டது. தோட்டம் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால், இங்கே எப்படி அறிவிப்பார்கள் என்று யாரிடமாவது கேட்டிருப்பாள்.

"அத்தை, அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் குடுத்தது நான்தான்."

திட்டு விழும் என்று நின்றாள். ஜீவராணியின் முகமோ மலர்ந்துவிட்டது.

"நீயா? நான் சங்கத் தலைவர் வீட்டுக்கும் ஆபீசுக்குமா நடந்து செத்துட்டேன் ஆத்தா! அப்ப நாளைக்கே சரி பண்ணிரு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னங்க, எழுதுனது நம்ம கேஷிகாதானாம். இனி கவலைப்படாதீங்க."

கஜேந்திரன் பொல்லாதவன் இல்லை. மறுநாள் ஆபீஸில் விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கி, பக்கத்தில் உட்கார்ந்து அவனே திருத்தினான்: 'லீவு வாய்மொழியாகவும் அறிவிக்கப்படும். நீக்குவதற்கு முன் கங்காணியிடம் கேட்டு உறுதி செய்யவும்.'

"இனிமே எந்தத் தோட்டத்துலயும் இது நடக்காது" என்றான்.

"சேர், அத்தை பேரை எப்பிடித் திரும்பப் போடுறது?"

"அதுக்கு டூல் இல்லையே. வெட்டுன பேரைத் திருப்பிப் போடணும்னு தோட்டத்துல கேக்கவே இல்ல."

"புதுசா சேர்க்கிறது இருக்கே?"

"நிரந்தரத்துக்கு ஆள் எடுக்கிறத நிப்பாட்டிட்டாங்க. கைக்காசுக்குத்தான் சேர்க்கலாம்." போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். "எழுதுனபடிதானே நடந்திருக்குன்னு தோட்டத்து மேனேஜர் துரை சொல்றாரு."

கைக்காசு என்றால் பறித்த கிலோவுக்கு அன்றன்று காசு, அதோடு சரி. சேமலாப நிதி கிடையாது, வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை.

"ஒரு உதாரணமும் போட்டா ஏஜென்ட்டுக்கு நல்லா விளங்கும்" என்றான் கஜேந்திரன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இவங்க கதையையே எழுதிடுங்களேன். பேர் மட்டும் வேணாம்."

எழுதினாள். 'ஒரு பெண் தொழிலாளி, கணவனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளப் போனார். பெரட்டில் கங்காணியிடம் சொன்னார். கடிதம் கொடுக்கவில்லை.' கண்ணீர் முட்டித் திரை மங்கியது. கஜேந்திரன் அதையே ஏஜென்ட்டிடம் கொடுத்துப் பரீட்சித்தான். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: 'இவர் முறையாக லீவு அறிவித்துள்ளார். இவருடைய பேரை நீக்கக் கூடாது.'

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினான்.

அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அத்தை வீட்டுக்குப் போனாள். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த மாமா அவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவள் திரும்பிவிட்டாள்.

காலையில் தூறல். கேஷிகாவின் பஸ் பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. பெண்கள் முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜீவராணி மட்டும் கீழேயே கங்காணிக்கு எதிரில் நின்றாள்.

"இன்னொருக்கா பாருங்க கங்காணி" என்றாள். "நம்ம புள்ள சரி பண்ணிருச்சு."

செல்லசாமி டெப்பின் ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடியும் முதல் பேரிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.